முதலில் யார் வெளிக்கிடுவது

ஈப்பர், பெல்ஜியம்
12 மார்ச் 2024

பாலாம்பிகை அக்காவுக்கு,

புவனேந்திரன் எழுதுகிறேன். உங்கள் தம்பிதான். என் நம்பரைத் தடை செய்து வைத்திருக்கிறீர்கள். வீட்டு ஃபோனுக்கு அடித்தால் அத்தான் எடுத்து, "அவ கோயிலுக்குப் போட்டா" என்கிறார். விடியவும் கோயில், பொழுதுபட்டாலும் கோயில். ஸ்ட்ரெதமில் இருந்துகொண்டு இவ்வளவு பக்தி உடம்புக்கு ஆகாது. கடிதத்தைத் தடை செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும் என்று எழுதுகிறேன்.

லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகளைக் கோச்சில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளைக் காட்டுகிறார்கள். வழக்கமாக நான் ஸ்டியரிங்கில் காலைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வேன். இன்று ஹீட்டர் வேலை செய்யவில்லை, குளிர் தாங்காமல் பிள்ளைகளுக்குப் பின்னால் போனேன். நாங்கள் பார்க்காத பங்கரா என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஆனால் வழிகாட்டிப் பெண் சொன்னது மண்டைக்குள் நின்றுவிட்டது.

ஒரு பெடியன் கேட்டான், ஏன் எதிரியைச் சுற்றிக்கொண்டு போகவில்லை என்று. இரண்டு பேரும் சுற்றித்தான் பார்த்தார்களாம். இவன் சுற்ற, அவன் மறிக்க, அப்படியே தோண்டித் தோண்டிக் கடல் வந்துவிட்டது. மற்றப் பக்கம் சுவிஸ் எல்லை. பிறகு நேரே போவதைத் தவிர வழியில்லை. நேரே போனால் முட்கம்பி, அதற்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி. குழிக்குள் இருப்பவன் தப்புவான், வெளியே வருபவன் சாவான். அதனால் இரண்டு பேரும் இருந்தார்கள். வருஷக்கணக்காக இருந்தார்கள்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. கோபிக்க வேண்டாம்.

என் மருமகன் துஷாந்தனுக்கு செப்டெம்பரில் கல்யாணம் என்று சவிரிமுத்து அண்ணை சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது அந்த மனுசன் ஒருவர்தான். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது தாய்மாமன். துஷாந்தனுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். நான் வரவேண்டும் என்றால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சின்னையா டொரன்டோவில் செத்த செய்தியை, கஜந்தினியின் கல்யாணம் முடியும்வரை என்னிடம் மறைத்தது பிழை என்ற வார்த்தை. அப்பாவின் தம்பி என்றாலும், அப்பா போனபிறகு எனக்குத் தகப்பனாக நின்ற மனுசன் அவர். அவரை எரித்த நேரத்தில் நான் உங்கள் மகளின் மணவறைக்குப் பக்கத்தில் பட்டுவேட்டியோடு நின்று படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் என் வீட்டிலும் இருக்கிறது. அதைக் கழற்றுவதா விடுவதா என்று இன்னும் தெரியவில்லை.

தம்பி
புவனேந்திரன்


ஸ்ட்ரெதம், லண்டன்
27 மார்ச் 2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அத்தானுக்கும் காட்டவில்லை.

உலகப் போர் எல்லாம் படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய். சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்னபோது படித்திருக்கலாம்.

நீ கேட்கிற வார்த்தையை நான் சொல்லமாட்டேன். அன்று எனக்கு இருந்தது இரண்டே வழி. செய்தியைச் சொன்னால் உனக்கு முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு. மணவறைப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? நான் கட்டிக்கொடுத்து வேறு குடும்பத்துக்குப் போனவள், எனக்கு அது அவ்வளவு ஒட்டாது. உனக்கு ஒட்டும். தாய்மாமன் இல்லாத மணவறையில் என் பிள்ளையை இருத்தச் சொல்கிறாயா? கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. சுவிஸில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மண்டபக்காரன் அடுத்த வருஷம் என்கிறான். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அதை ஒரு நாளாவது யோசித்தாயா?

நான் மறைத்தது ஒன்று. நீ செய்தது என்ன? சம்பந்தி வீட்டார் என் வீட்டில் சாப்பிட இருந்த நேரம் பார்த்து வந்து நின்று, "பிணத்தை ஒளிச்சு வைச்சுக் கலியாணம் செய்தவள்" என்று கத்தினாய். அவர்கள் கையில் சோற்றோடு அப்படியே இருந்தார்கள். அதற்குப் பிறகு என் மகள் ஒரு வருஷமாக மாமியார் வாயில் "துடக்குக் கலியாணம்" என்று கேட்டாள். காய்ச்சல் வந்தாலும் துடக்குக் கலியாணம், கார் பழுதானாலும் துடக்குக் கலியாணம். அவள் உனக்கு என்ன செய்தாள்?

முதலில் நீ வந்து கஜந்தினியிடம் மன்னிப்புக் கேள். பிறகு தலைப்பாகை பற்றிக் கதைப்போம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் குழிக்குள் இருந்தவர்கள் வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகு ஏன் வீட்டுக்குப் போகவில்லை? சும்மா அறிவதற்குக் கேட்கிறேன்.

அக்கா


பார்க்கிங், கிழக்கு லண்டன்
30 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதை இந்த முறை போனபோது வழிகாட்டியிடமே கேட்டேன். கோச் டிரைவர் கேள்வி கேட்கிறான் என்று ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனால், அதுவரை செத்தவர்கள் சும்மா செத்தார்கள் என்று ஆகிவிடுமாம். அதனால் இன்னும் ஒரு தரம் தள்ளினால் சரி, இன்னும் ஒரு தரம் என்று தள்ளினார்கள். தள்ளினால் முதலாவது குழி சில நேரம் கையில் வரும். அதற்குப் பின்னால் இரண்டாவது குழி, அதற்கும் பின்னால் மூன்றாவது. பிடித்தவன் களைத்துப்போய்ச் சேற்றுக்குள் நிற்பான். செய்தி சொல்ல ஓட்டக்காரன் ஒருவனை அனுப்புவான், அவன் வழியில் விழுந்துவிடுவான். எதிரிக்கோ முதுகுக்குப் பின்னால் ரயில் பாதை. புது ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பொழுதுபட முன்னம் பிடித்த இடம் திரும்பப் போய்விடும். முன்னேறுகிறவன் நடக்கிறான், தடுக்கிறவன் ரயிலில் வருகிறான். அதுதான் முழுக் கதையும் என்றா.

உங்கள் ரயிலில் பாரிஸ் மாமி வந்தா, பிறகு அத்தானின் தமையன்மார் வந்தார்கள். என் ரயிலில் என் மனுசி ரஜனியின் தம்பிமார். குடும்ப வாட்ஸ்அப் இரண்டாக உடைந்து, "எங்கள் குடும்பம்", "எங்கள் குடும்பம் புதிது" என்று நிற்கிறது. நான் இரண்டிலும் இல்லை. என்னை யார் நீக்கினார்கள் என்றே தெரியவில்லை. நம் ஓட்டக்காரன் சவிரிமுத்து அண்ணை விழவில்லைத்தான், ஆனால் வழியில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போகிறார்.

கஜந்தினி விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உங்களை நோகடிக்க வந்தேன், அவளில் பட்டது. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் நான் கேட்டுவிட்டால் நீங்கள் மறைத்தது சரி என்று ஆகிவிடுமே, அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

உங்கள் வீடும் வேண்டாம், என் வீடும் வேண்டாம். ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு வாருங்கள். நீங்கள் தனியே, நான் தனியே. பிள்ளையின் கல்யாணத்தை மட்டும் கதைப்போம். எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

புவனேந்திரன்


ஸ்ட்ரெதம்
11 ஜூன் 2024

தம்பிக்கு,

தனியே என்று சொன்னது நீ. ரஜனியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நீ.

ஓம், அத்தானை நான் கூட்டிவந்தேன். அந்த மேட்டில் ஏற என் முழங்கால் விடுகிறதில்லை, பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஓரமாக நிற்கும்படி சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

செருப்பு விடுகிற இடத்தில் நீ "அக்கா, சுகமோ?" என்று கேட்டாய். எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. நல்லாய்ப் போகப்போகிறது என்று நினைத்தேன். பிறகு என்ன நடந்தது என்று எத்தனை தரம் யோசித்தாலும் பிடிபடவில்லை. அத்தான் "முதலில சம்பந்தி வீட்டை போய் மன்னிப்புக் கேக்கட்டும்" என்றது முதலா? அல்லது ரஜனி "பிணத்தை ஒளிச்சவையிட்டை ஆர் மன்னிப்புக் கேக்கிறது?" என்றது முதலா? அத்தான் சொல்கிறார், ரஜனிதான் முதல் என்று. நீ வீட்டில் மறுவளமாகக் கேட்டிருப்பாய். பிறகு நானும் கத்தினேன், நீயும் கத்தினாய். அர்ச்சனைக்கு வந்த சனம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது. உள்ளேயிருந்து ஐயர் எட்டிப்பார்த்தார். முருகனைக் கும்பிடாமலே திரும்பிவந்தோம், அதுவே எனக்குப் பெரிய கவலை.

கல்யாணக் கார்ட் அடித்து வந்துவிட்டது. உனக்குத் தபாலில் அனுப்பமாட்டேன். கூடப்பிறந்தவனுக்குத் தபாலில் கார்ட் அனுப்புகிறவளா நான்? நேரில் வந்து தட்டில் வைத்துத்தான் தரவேண்டும். ஆனால் நேரிலும் வரமாட்டேன். ஆகவே கார்ட் இங்கேயே மேசையில் கிடக்கிறது.

தலைப்பாகை கட்ட அத்தானின் தமையன் இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் கதை எடுத்தாலே துஷாந்தன் எழும்பி அறைக்குள் போய்விடுகிறான். நான் என்ன செய்ய என்று நீயே சொல்.

அக்கா


பார்க்கிங்
3 ஜூலை 2024

அக்காவுக்கு,

நான் மறுவளமாகத்தான் கேட்டேன். அத்தான்தான் முதல் என்று ரஜனி சொல்கிறாள். இரண்டையும் கேட்டபிறகு எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் உங்களோடு சண்டை பிடிக்க வரவில்லை, நீங்களும் வரவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது நாலு பேருக்கும் காயம்.

ஒன்று மட்டும் விளங்குகிறது. பிரித்தானியர்கள் ஒரு இடத்தைப் பிடிக்கப் போகமுன் நாட்கணக்காக ஷெல் அடிப்பார்களாம். அடித்து முடிக்க, எந்த இடத்தால் வரப்போகிறார்கள் என்று எதிரிக்கு வடிவாகத் தெரிந்துவிடும். நிலமும் கிண்டுப்பட்டுச் சேறாகி, வருகிறவனின் காலையே பிடித்துக்கொள்ளும். நாங்களும் ஒரு மாதமாக ஆர்ச்வே, ஆர்ச்வே என்று ஊருக்கெல்லாம் சொன்னோம். எல்லாரும் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்மன்காரர் தங்கள் குழிகளை ஆழமாக வெட்டி, சீமெந்து போட்டு, மின்சார விளக்கும் பூட்டி வைத்திருந்தார்களாம். இருக்க வந்தவர்கள் மாதிரி. இங்கிலீஷ்காரர் தங்கள் குழியைத் திருத்தவே இல்லையாம். நாளைக்கே போய்விடுவோம் என்ற நினைப்பு. நான் முதலில் இங்கிலீஷ்காரன் மாதிரித்தான் இருந்தேன் அக்கா. இந்தச் சண்டை ஒரு கிழமைதான் என்று இருந்தேன். இப்போது தீபாவளிக்கு ரஜனியின் தம்பி வீடு, புதுவருஷத்துக்குக் கூட வேலை செய்கிற போலந்துக்காரன் வீடு என்று ஒழுங்காகிவிட்டது. நீங்கள் இல்லாமல் இருக்க வசதியாகப் பழகிவிட்டேன். சண்டையைவிட அதுதான் எனக்குப் பயம்.

டொரன்டோவில் இருந்து சின்னம்மா ஃபோன் எடுத்தா. சின்னையா போனபிறகு அவவின் குரலே மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறா. "அக்காவும் நீயும் கதைக்கிறியளோ?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தில் கதைப்பதும் கதைப்பதுதானே.

புவனேந்திரன்


ஸ்ட்ரெதம்
9 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன். கார்டோடு வருகிறேன். அத்தான் வரமாட்டார். கஜந்தினி வருவாள், அவளே கேட்டு வருகிறாள்.

நீ சொன்னது சரி என்று பட்டு வருகிறேன் என்று நினைக்காதே. நான் செய்தது பிழை என்றும் வரவில்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான். இரவில் படுத்தால் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துப் பிடித்து, உனக்காக நானே பதிலும் சொல்லி, இரண்டு பேருக்குமான கோபத்தை நான் ஒருத்தி சுமக்கிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஏலாது.

நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். பழைய கதை ஒரு சொல் எடுத்தாலும் எழும்பி வந்துவிடுவேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதே, சவிரிமுத்து அண்ணைக்குக் கட்டாயம் சொல்லாதே.

அக்கா


டோவர் துறைமுகம்
12 செப்டெம்பர் 2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போடமாட்டேன். நாளன்றைக்கு, சனிக்கிழமை, கல்யாணம். அது முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்கு வந்தபிறகுதான் போடுவேன்.

கோச்சைக் கப்பல் வரிசையில் விட்டுவிட்டு எழுதுகிறேன். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு கத்துகிறார்கள். நாளை பின்னேரம் லண்டனுக்குத் திரும்பிவிடுவேன்.

சின்னம்மா நேற்றுப் போய்விட்டா அக்கா. மகன் கௌசிகன் எனக்கு ஃபோன் எடுத்து அழுதான். சனிக்கிழமை காலை எரிக்கிறார்கள். அவர்களுக்குக் காலை என்றால் எங்களுக்குப் பின்னேரம், தாலி கட்டிச் சாப்பாட்டுப் பந்தி நடக்கிற நேரம்.

நான் அழுது முடித்ததும் கௌசிகனிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அக்காவுக்குச் சொல்லாதை." வாயை விட்டுப் போனபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

நீங்கள் அறிந்தால் எனக்குத் துடக்கு என்று நீங்களே என்னை ஒதுக்கவேண்டி வரும். ஒதுக்காவிட்டால் சனம் உங்களைத்தான் மறுபடியும் கதைக்கும். அத்தானின் தமையன் தலைப்பாகை கட்டுவார். நீங்கள் தட்டோடு என் வீட்டுப் படியேறி வந்தது, கஜந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு "விடுங்கோ மாமா" என்று சொன்னது, எல்லாம் வீணாகிவிடும். துஷாந்தனுக்கு நான்தான் தலைப்பாகை கட்டவேண்டும் என்று அன்று உங்கள் முகத்தில் எழுதியிருந்தது. ஆகவே நான் துடக்கோடு வந்து கட்டப்போகிறேன். தெரிந்துகொண்டு கட்டப்போகிறேன். சாமி என்னை எது செய்தாலும் செய்யட்டும்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மார்ச் மாதம் கேட்டீர்கள். இதைத்தான் செய்திருப்பேன் போல. ஆனால் இப்போதும் நீங்கள் செய்தது சரி என்று சொல்ல வாய் வருகுதில்லை. நான் செய்வதும் சரியாகத் தெரியவில்லை. இரண்டும் பிழை என்றால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் புதிதாகத் தோன்றுகிறது. இவ்வளவு நாளும் நான் சின்னையாவை இழந்ததை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் உங்களுக்கும் சின்னையாதானே. அந்தச் செய்தியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் பன்னீர் தெளித்து, வந்தவர்களை எல்லாம் சிரித்துக் கும்பிட்டு, நாள் முழுக்க எப்படி நின்றீர்கள்? நான் கேட்கவே இல்லை. நாளன்றைக்கு எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் தம்பி
புவனேந்திரன்


ஸ்ட்ரெதம்
18 செப்டெம்பர் 2024

என் தம்பிக்கு,

இன்று காலை உன் கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும் தம்பி. கௌசிகன் உனக்கு எடுக்க முன்னம் எனக்குத்தான் எடுத்தான். "தம்பிக்குச் சொல்லாதை, கலியாணம் முடியட்டும்" என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் என் பேச்சைக் கேட்காமல் உனக்கும் சொல்லியிருக்கிறான். போன முறை உனக்குச் சொல்லாமல் விட்ட குற்றம் அவன் மனதில் இருந்திருக்கும். பிறகு நீயும் அதையே சொல்ல, பாவம், அந்தப் பிள்ளை தாயைப் பறிகொடுத்த அன்று இரண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறான்.

நீ தலைப்பாகையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினாய். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். இரண்டு வருஷம் கழித்து மருமகனைத் தொடுகிறான், அந்தச் சந்தோஷம் என்று நினைத்தேன். பாவி, இவனுக்கு ஒன்றும் தெரியாது, மறுபடியும் இவனை ஏமாற்றுகிறேன், இது தெரிந்தால் இனிமேல் என் முகத்தில் முழிக்கமாட்டான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீயும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். படக்காரன் "அப்பிடியே நில்லுங்கோ" என்றான்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது. நான் உன்னை இரண்டு தரம் ஏமாற்றியிருக்கிறேன், நீ என்னை ஒரு தரம். ஆனால் இரண்டாவது தரம் நான் ஏமாற்றினேனா இல்லையா? தெரிந்தவனை எப்படி ஏமாற்றுவது? உன் வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டாலும் அவவுக்கும் தெரியாது.

நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். எப்படி நின்றீர்கள் என்று. இந்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, அத்தான்கூடக் கேட்கவில்லை. மணவறைக்குப் பின்னால் பாத்திரம் வைக்கிற அறைக்குள் போய், வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். நீ அப்போது பந்தியில் இருந்து, "அக்கா, பாயசம் நல்லாயிருக்கு" என்றாய். உன்னை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. சனிக்கிழமையும் அதே மாதிரித்தான் அழுதேன். நீ எங்கே போய் அழுதாய் என்று எனக்குத் தெரியாது. ஒரே மண்டபத்தில்தானே இருந்தோம், சேர்ந்தாவது அழுதிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன், தனியே. ரஜனியிடம் சொல், அடுப்பு மூட்டவேண்டாம் என்று. உன் வீடு செத்தவீடு. சோறும் கறியும் நான் சமைத்துக்கொண்டு வருகிறேன். சின்னையா போனபோதே கொண்டுவந்திருக்கவேண்டியது.

அக்கா